பட்டையில் எத்தனை முனை?

தீவிர சிகிச்சைப் பிரிவில் மின்னெதிர்ப்புப் படமுறைக்கு இப்போது நல்ல காலம். மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டினால் போதும். வென்டிலேட்டர் தள்ளும் காற்று நுரையீரலின் எந்தப் பகுதிக்குப் போகிறது, எது மூடிக் கிடக்கிறது என்று திரை அப்போதைக்கப்போதே காட்டிவிடும். கருவிகளைப் பற்றிய பேச்சுதான் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: பட்டையில் எத்தனை மின்முனைகள்? ட்ரேகர் நிறுவனத்தின் கருவியில் 16. சுவிஸ்டாம் நிறுவனத்தின் கருவியில் 32 இருந்தன; பிரேசிலின் டிம்பெலிலும் 32. கூடக் கூடப் படம் கூர்மையாகும் என்பது வாதம்.

வாதத்தில் உண்மை உண்டு. பார்பரும் பிரௌனும் 1980களில் ஷெஃபீல்டில் நிலைநிறுத்திய 16 முனை முறையில் ஒரு சுற்றுக்கு 208 அளவீடுகள். அவற்றில் தனித்தவை 104 மட்டுமே. 32 முனை என்றால் 464. கதிர்வீச்சு இல்லை, நோயாளியை எங்கும் தூக்கிப் போக வேண்டாம், துணிப்பட்டை கட்டுவதற்கும் சுளுவு. எல்லாம் சரி.

ஆனால் முனைகள் கூடியதற்காக மார்பின் சுற்றளவு கூடுவதில்லை. இடைவெளி பாதியாகிறது. அடுத்தடுத்த ஜோடியில் செலுத்தும் மின்னோட்டம் தோலோரமாகவே ஓடித் திரும்பிவிடுகிறது. அளக்கும் ஜோடியும் நெருங்கிவிடுவதால் மார்பின் எதிர்ப்பக்கத்தில் கிடைக்கும் குறி ஏறத்தாழ நாலில் ஒன்றாக இளைக்கிறது. இரைச்சலோ இளைப்பதில்லை. இடையில் சில முனைகளைத் தாண்டி ஜோடி சேர்க்கும் தந்திரம் இந்த நட்டத்தை ஈடுகட்டத்தான்.

அதுகூடப் பெரிய குறையல்ல. பெரிய குறை, முனை தோலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. தோலின் மேற்படலம் செத்த செல்களாலானது. உள்ளே இருக்கும் தசையையும் இரத்தத்தையும்விட மின்னோட்டத்தை அதிகம் மறிப்பது அதுதான். மின்னோட்டம் செலுத்த ஒரு ஜோடி, மின்னழுத்தம் அளக்க வேறொரு ஜோடி என்று பிரித்துவிட்டால் தொடர்பின் கோளாறு கணக்கில் வராது என்பது பாடநூல் பதில். தாளில் அது சரி. பல பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பிகளின் மின்தேக்குத்திறன் வழியே கசிகிறது. ஜோடியின் ஒரு முனை நன்றாகவும் மற்றது அரைகுறையாகவும் ஒட்டியிருந்தால், அந்த ஏற்றத்தாழ்வே குறியாக வேடம் போட்டு உள்ளே நுழைகிறது. ஓட்டைப் படியால் இன்னும் நாலு தடவை அளந்தால் நெல் கூடிவிடுமா?

தொடர்பின் எதிர்ப்பையும் சேர்த்துக்கொண்ட முழுமையான மின்முனை மாதிரி அமெரிக்காவின் ரென்சலேர் தொழில்நுட்பக் கழகத்தில் 1989இலேயே வந்துவிட்டது. அளவும் கணக்கும் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தியது உப்புநீர்த் தொட்டியில். தொட்டிக்கு வியர்க்காது, முடி முளைக்காது, மூச்சும் விடாது.

இங்கே ஆதரவாளர்கள் கடைசி ஆயுதத்தை எடுப்பார்கள்: பார்ப்பது வேறுபாட்டுப் படம், பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்கும்போது பிழையும் கழிந்துவிடும். மாறாத பிழைதான் கழியும். உலர்முனை வியர்வை ஊற ஊறத் தேறுகிறது, கூழ்முனை காயக் காயக் கெடுகிறது, நோயாளியைக் குப்புறப் புரட்டினால் பட்டை நழுவுகிறது. மூச்சுக்கு மூச்சு மார்பு விரிந்து முனைகளை நகர்த்துவதும் படத்தில் கலக்கிறது. ஆட்லரும் உடனாய்வாளர்களும் இதை 1996இல் எழுப்பிவிட்டார்கள். வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் கூட்டி நுரையீரல் எப்படித் திறக்கிறது என்று பார்க்கும் அதே நேரத்தில் மார்பின் வடிவமும் மாறுகிறது. எதை அளக்கப் பட்டை கட்டினார்களோ அதுவே முனைகளையும் நகர்த்துகிறது.

நான்காம், ஐந்தாம் விலா இடைவெளியில் கட்டு என்கிறது 2017இன் ஒருமித்த பரிந்துரை. கட்டுகிறார்கள். மார்பகத்தைத் தவிர்க்கப் பட்டை கீழே இறங்கினால் உதரவிதானம் குறுக்கே வந்து நிற்கும். திரையில் அது காற்றில்லாத நுரையீரலைப் போலவே தெரியும்.

ஒட்டாத முனையைக் கருவிகள் எச்சரிக்கத்தான் செய்கின்றன. அதை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துப் படத்தைத் தேற்றும் நிரல்களும் உண்டு. தேறிய படம் வழவழப்பாகவே இருக்கும். ஆய்விதழ்களில் வரும் வண்ணப் படங்களுக்குக் கீழே எந்த முனையின் தொடர்பு எத்தனை ஓம் என்ற வரிசையைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 48 முனைப் பட்டைக்குக் கைதட்டுவதற்கு முன்னால், கட்டிய ஆறாவது மணி நேரத்தில் ஒவ்வொரு முனையின் அந்த எண்ணையும் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்யும் 16 முனைப் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.