ஜின்களின் அரசவையில் ஒரு வழக்கு

மனிதருக்கும் விலங்குகளுக்கும் இடையிலான உறவை ஆராய்வது மேலைப் பல்கலைக்கழகங்களில் இன்று தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. அதன் தோற்றத்தைப் பேசுவோர் பெரும்பாலும் பீட்டர் சிங்கரின் ‘விலங்கு விடுதலை’ (1975) நூலிலிருந்தே தொடங்குவர். நம்மவரோ உடனே பத்தாம் நூற்றாண்டின் பஸராவைச் சுட்டுவர். இக்வானுஸ் ஸஃபா குழுவினரின் 52 ரிஸாலாக்களுள் 22ஆவது, விலங்குகள் மனிதர்மீது தொடுத்த வழக்கைக் கூறுகிறது. பெருமைக்குரியதுதான். ஆயினும் இப்பெருமை பேசுவோர் அதனை இறுதிவரை படித்தனரா என்னும் ஐயம் நமக்குண்டு.

புயலால் ஒரு தீவில் ஒதுங்கிய மனிதர், அங்கே சுதந்திரமாக வாழ்ந்த விலங்குகளைப் பிடித்து வேலை வாங்க முற்படுகின்றனர். விலங்குகள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. நிமிர்ந்த உடல், பேச்சு, கைத்தொழில் என மனிதர் அடுக்கும் உயர்வுகள் ஒவ்வொன்றும் அவையில் மறுக்கப்படுகின்றன. கூடு கட்டும் தேனீக்கு அளவுகோலும் கவராயமும் வேண்டியதில்லையே! முடிவில் ஹிஜாஸ்வாசி ஒருவர் மறுமை வாழ்வை முன்வைக்கிறார். சொர்க்கம் மட்டுமா, நரகமும் உங்களுக்குத்தானே என எதிர்வாதம் எழுகிறது. எவ்வாறாயினும் நாங்கள் நிலைத்திருப்போம் என்கிறார் அவர். விலங்குகள் அடங்கிவிடுகின்றன, தீர்ப்பு மனிதர் பக்கம் சாய்கிறது.

வாதங்களில் வென்ற தரப்பு வழக்கில் தோற்றது ஏன்? இவ்வினாவைத் தவிர்க்காத ஆய்வாளர் சாரா திலீலி. இம்முடிவைப் பற்றி 2014இல் தனிக்கட்டுரையே எழுதினார். தபரீ, ராஸீ, குர்துபீ, இப்னு கஸீர் ஆகியோரின் தஃப்ஸீர்களை ஆராயும் ‘குர்ஆனில் விலங்குகள்’ (2012) நூலில், குர்ஆனின் மையம் மனிதனல்லன், இறைவனே என வாதிடுகிறார். விலங்குகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனக் கூறும் அல்-அன்ஆம் 38ஆம் வசனம், அவையும் தம் இறைவனிடம் ஒன்றுசேர்க்கப்படுவதைப் பேசுகிறது. அவ்வொன்றுசேர்ப்பின் பொருளில் முஃபஸ்ஸிர்கள் வேறுபடுவர். கணக்குத் தீர்ந்தபின் அவை மண்ணாகும் என்னும் அறிவிப்பும் உண்டு. அதனையே ஏற்றாலும், மறுமையில் நிலைத்திருத்தல் இம்மையில் சுமை ஏற்றும் உரிமையை எவ்வாறு தரும்? அரசன் இதனைக் கேட்கவில்லை. ரிஸாலாவின் பெருங்குறை இதுவே என்பது நம் கருத்து.

இந்நூலுக்குக் கல்லூரி புதிதன்று. கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மௌலவி இக்ராம் அலீ 1810இல் இதனை உருதுவாக்கினார். வாயில்லா ஜீவன்களின் முறையீடு, ஆள வந்தோரின் மொழிப்பாடமாயிற்று. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒருசேர வெளியிட்டது. அதன் கடைசிப் பக்கங்களிலிருந்து பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரையே நாம் எதிர்பார்க்கிறோம்.