கட்டு அவிழ்ந்த பிறகு

நம் கதைகளிலும் சினிமாவிலும் அலுக்காமல் வந்துகொண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. பிறவிக் குருடியான கதாநாயகிக்கு ஆபரேஷன் ஆகிறது. டாக்டர் கட்டை அவிழ்க்கிறார். அவள் கண்ணைத் திறந்ததும் காதலனை இனம் கண்டுகொள்கிறாள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் 'முற்றும்' போட்டுவிடுகிறார்.

நடவாத காரியம் கதையில் நடக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. கைக்கு வந்த பெரிய விஷயத்தை ஆசிரியர் நழுவ விட்டுவிட்டாரே என்பதுதான் குறை.

டப்ளின் நகரத்து வில்லியம் மாலினியூ 1688-இல் தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதியனுப்பினார். உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே அறிந்த பிறவிக் குருடனுக்குப் பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வானா? சொல்லமாட்டான் என்பதே இருவர் முடிவும். 1728-இல் லண்டன் வைத்தியர் செஸல்டன், தாம் பார்வை கொடுத்த ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு எது பூனை, எது நாய் என்பது அடிக்கடி மறந்துபோகும். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, பிறகு அதன் முகத்தை உற்று நோக்கினானாம். 2011-இல் வெளியான ஆராய்ச்சியும் இதையே உறுதி செய்தது. சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து இந்தியக் குழந்தைகளுக்கு, கை அறிந்த பொருளைக் கண்ணால் உடனே அடையாளம் காணத் தெரியவில்லை. சில நாட்களில் தெரிந்துகொண்டார்கள்.

கண் வெளிச்சத்தை வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதில் முகத்தையும் மரத்தையும் கண்டெடுப்பது மூளை. தொட்டிலில் கிடந்த நாளில் தொட்டும் பார்த்தும் நாம் கற்ற பாடம் அது. கற்றதை மறந்துவிட்டதால், பார்ப்பது சுலபம் என்று நினைக்கிறோம்.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' 1931-இல் வந்தது. பூக்காரிக்குப் பார்வை வந்துவிட்டது. எதிரே நிற்கும் நாடோடியைப் பார்த்துச் சிரிக்கிறாள், யாரென்று தெரியவில்லை. இரக்கப்பட்டுக் காசு கொடுக்க அவன் கையைப் பற்றுகிறாள். அந்தக் கைதான் காட்டிக்கொடுக்கிறது. அவள் பிறவிக் குருடியா என்று படம் சொல்லவில்லை. ஆனாலும் இருட்டில் அவள் சேர்த்துவைத்த அறிவைச் சாப்ளின் மதிக்கிறார். நம்மவர்களோ கட்டோடு சேர்த்து அதையும் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள்.

காதலன் முகம் வெறும் நிறங்களாக மிதக்க, அவள் பழக்கத்தால் கண்ணை மூடிக்கொண்டு அவன் குரலைத் தேடுவாள் அல்லவா? அந்த முதல் வாரத்தை யாராவது எழுதட்டும். கட்டு அவிழும் இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது.