ஆட்டுப்பட்டியில் நின்று பார்த்தால்: நம் நச்சுயிரிக் கட்டுரைகள்

நச்சுயிரிகளைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதற் பத்தியில், ‘உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்டவை’ என்னும் வியப்பு. அடுத்து, 1892இல் ருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி புகையிலைச் சாற்றை வடிகட்டிய வரலாறு. பிறகு முள் முளைத்த பந்து போன்ற ஒரு படம். அதன்கீழ் நோய்களின் பட்டியல். கடைசியில், தூய்மையாக இருங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்னும் அறிவுரை. இவற்றில் பிழை என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. ஆயினும் இதைப் படித்து முடித்த ஒருவர், தம் வீட்டிலோ தோட்டத்திலோ ஆட்டுப்பட்டியிலோ நோய் புகுந்தால், முன்பு செய்ததற்கு மாறாக எதையேனும் செய்வாரா? இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு அவற்றை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

அதற்கு மன்னவனூர் பொருத்தமான இடம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைக் கடந்து சுமார் 35 கி.மீ. சென்றால் வரும் மலையூர் அது. இராசத்தான் மாநிலம் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இங்கு இயங்கி வருகிறது. புல்வெளிச் சரிவில் மேயும் பாரத் மெரினோ ஆடுகளைக் காணச் சுற்றுலாப் பயணிகளும் மாணவர்களும் வருவதுண்டு. அவர்களுள் ஒரு மாணவன், ‘இந்த ஆடுகளுக்கு வைரஸ் நோய் வந்தால் என்ன செய்வது?’ என்று தன் ஆசிரியரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நம் கட்டுரைகளைப் படித்த ஆசிரியர், ‘நோயுற்ற ஆட்டைத் தனியே பிரித்துவிட வேண்டும், பட்டியைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும்’ என்பார். ‘எந்த நச்சுயிரி?’ என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டார். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டு ஆடு வளர்ப்போர் அஞ்சும் நச்சுயிரி நோய்களுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஆட்டுக்கொல்லி நோய். மற்றொன்று நீலநாக்கு நோய். இரண்டிலும் காய்ச்சல் உண்டு, மூக்கு ஒழுகும், வாயில் புண் காணும், ஆடு தீனி எடுக்காது. ஆட்டுக்கொல்லியில் கழிச்சலும் நுரையீரல் அழற்சியும் சேரும். நீலநாக்கில் முகமும் உதடும் வீங்கும், குளம்பின் மேல்விளிம்பு சிவந்து ஆடு நொண்டும். (நாக்கு நீலம் பாய்வதை எல்லா ஆட்டிலும் காண முடியாது, பெயரை நம்பிக் காத்திருப்பவர் ஏமாந்துபோவார்.) தொடக்க நாட்களில் பழகிய கண்ணும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாம்.

ஆனால் பரவும் வழியோ முற்றிலும் வேறு. ஆட்டுக்கொல்லி நச்சுயிரி நோயுற்ற ஆட்டின் மூச்சு, சளி, கண்ணீர், சாணம் ஆகியவற்றின் வழியே அருகில் நிற்கும் ஆட்டுக்குத் தாவும். ஆகவே, சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காதிருப்பதும், நோயுற்றதைப் பிரிப்பதும் இங்கு உயிர்காக்கும் செயல்கள். நீலநாக்கு அப்படியன்று. கியூலிகாய்டிஸ் என்னும், கொசுவைவிடச் சிறிய கடிபூச்சியே அதனைச் சுமந்து செல்கிறது. சாணமும் சிறுநீரும் கலந்த ஈரச் சேற்றில் பெருகி, அந்தி முதல் விடியல் வரை கடிக்கும் பூச்சி அது. இங்கே நோயுற்ற ஆட்டைப் பத்தடி தள்ளிக் கட்டுவதால் பயன் மிகக் குறைவு. பூச்சிக்குப் பத்தடி ஒரு தொலைவா? சேற்றை வடிப்பதும், பொழுது சாயுமுன் ஆட்டை மூடிய கொட்டிலில் அடைப்பதுமே செய்யத்தக்கவை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சமவெளியில் ஆடு மேய்ப்பவர்களில் பலருக்குக் கொட்டில் என்பதே கிடையாது. அறுவடையான வயலில் இரவெல்லாம் கிடை போடுவது அவர்கள் தொழில். அந்த உரத்துக்குக் கிடைக்கும் கூலி அவர்கள் வருமானத்தின் ஒரு பகுதி. தமிழ்நாட்டில் நீலநாக்கு தலைகாட்டுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, வயலெல்லாம் சேறாகக் கிடக்கும் காலத்தில். 1997–98இல் தென்மாநிலங்களில் ஏராளமான செம்மறிகள் இந்நோய்க்குப் பலியாயின. ‘இரவில் ஆடுகளைக் கொட்டிலில் அடைக்கவும்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுவது எளிது. ‘கிடையைச் சேற்று வயலிலிருந்து மேட்டு நிலத்துக்கு மாற்றுங்கள்’ என்று எழுத வேண்டுமானால், எழுதுகிறவருக்குக் கிடை என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி, சொற்களைப் பார்ப்போம். ‘கிருமி’ என்ற ஒரே சொல்லால் பாக்டீரியாவையும் நச்சுயிரியையும் குறித்துவிட்டு, இரண்டு பக்கம் தள்ளி, ‘நச்சுயிரியை எதிருயிர் மருந்துகள் கொல்லா’ என்று எழுதும் வழக்கம் நம்மிடம் உள்ளது. வாசிப்பவர் குழம்புவார். அதைவிட மோசமானது அடுத்து நடப்பது. ஆட்டுக்கொல்லி கண்ட ஆட்டுக்குக் கால்நடை மருத்துவர் எதிருயிர் மருந்து ஊசி போடுவதை அதே வாசகர் பார்க்கிறார். நச்சுயிரியால் தளர்ந்த நுரையீரலில் பின்னால் வந்து புகும் பாக்டீரியாவுக்கே அந்த ஊசி. கட்டுரை இதைச் சொல்லவில்லை. ஆகவே, ஒன்று கட்டுரை பொய் என்றோ, அல்லது இந்த ஊசிதான் நோயைத் தீர்ப்பது என்றோ அவர் முடிவு கட்டிவிடுகிறார். அடுத்த முறை கடையில் தாமே வாங்கிப் போடுகிறார். அரை உண்மை இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது.

‘நச்சுயிரி’ என்னும் சொல்லும் குறையற்றதன்று. வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். அதை ஒட்டி ஆக்கிய சொல் இது. ஆனால் நச்சுயிரி நஞ்சன்று என்று நிறுவியதே இத்துறையின் முதல் வெற்றிகளுள் ஒன்று. 1898இல் செருமனியில் லோப்லர், பிராஷ் என்னும் இருவர் கோமாரி கண்ட மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்துக் கன்றுக்குச் செலுத்தினர். கன்றுக்கு நோய் கண்டது. வடிநீரில் இருந்தது வெறும் நஞ்சாக இருக்கலாமே? அக்கன்றிலிருந்து அடுத்த கன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போயினர். நஞ்சானால் ஒவ்வொரு முறையும் நீர்த்து வலுவிழந்திருக்க வேண்டும். நோயோ தளரவில்லை. எனவே அது பெருகும் பொருள் என்று கண்டனர்.

ஒரு கரண்டி உப்புநீரைக் குடம் குடமாக மாற்றிக் கரைத்தால் உப்பு மறைந்துவிடும். ஒரு கரண்டி உறைமோரைப் பானை பானையாக மாற்றினால் ஒவ்வொரு பானையும் தயிராகும். இந்த வேறுபாட்டைத் தமிழ் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உறைமோரில் பெருகுவது பாக்டீரியா; அது பாலிலேயே பெருகும். நச்சுயிரிக்குப் பால் போதாது, உயிருள்ள உயிரணு வேண்டும். உவமையின் எல்லையையும் சேர்த்துச் சொன்னால் உவமை கெட்டுவிடாது.

விலங்குகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நச்சுயிரி இந்தக் கோமாரி நச்சுயிரிதான். கோமாரியை அறியாத தமிழ்ச் சிற்றூர் உண்டா? பின் ஏன் நம் கட்டுரைகள் தலைமுறை தலைமுறையாகப் புகையிலையிலேயே தொடங்குகின்றன? செடியில்தான் தொடங்க வேண்டும் என்றால், மன்னவனூர் இருக்கும் இதே பழனி மலைத்தொடரில் மலைவாழை இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புகழ் தந்த விருப்பாச்சி வாழைத் தோட்டங்களை 1970களில் சூறையாடிய முடிக்கொத்து நோயும் நச்சுயிரி நோயே. அசுவினிப் பூச்சியாலும், நோய்பட்ட கன்றை வாங்கி நடுவதாலும் அது பரவிற்று.

போர் உவமையைப் பற்றியும் ஒரு சொல். படையெடுப்பு, முற்றுகை, காவற்படை என்று எழுதினால் விறுவிறுப்பு கூடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நீலநாக்கு நச்சுயிரி மாட்டின் குருதியில் பல வாரங்கள் தங்கும். மாடோ பெரும்பாலும் எந்த நோய்க்குறியும் காட்டாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதைக் கடித்த பூச்சி அடுத்த பட்டியில் ஆட்டைக் கடிக்கிறது. போர்க்கதையில் அந்த அமைதியான மாட்டுக்கு இடமே இல்லை. ஆடு வளர்ப்பவர் அறிய வேண்டியதோ அந்த மாட்டைப் பற்றித்தான்.

இத்தகைய நூல்களுள் உலகெங்கும் படிக்கப்பட்டது பால் டி குரூயிப் 1926இல் எழுதிய ‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’. ஆய்வாளர்களைக் காவிய வீரர்களாக்கும் அதன் நடை எனக்கு உவப்பானதன்று. ஆயினும் மஞ்சள் காய்ச்சலைப் பற்றிய இயலுக்காக அதனை மன்னித்துவிடலாம். கியூபாவில் வால்ட்டர் ரீடின் குழுவினர் 1900இல் இரண்டு வீடுகள் கட்டினர். ஒன்றில் நோயாளிகளின் அழுக்குப் படுக்கைகளைக் குவித்து, அவற்றின்மேல் தொண்டர்களைப் படுக்கவைத்தனர். ஒருவருக்கும் நோய் வரவில்லை. மற்றொன்று மிகத் தூய்மையான வீடு, நடுவே கம்பிவலை. வலைக்கு ஒருபுறம் கொசுக்களோடு இருந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. மறுபுறம் இருந்தவர்கள் நலமாக இருந்தனர். ‘தூய்மையாக இருங்கள்’ என்னும் பொது அறிவுரை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. முள்பந்துப் படம் ஒன்றுகூட அதற்குத் தேவைப்படவில்லை.

நம் நாட்டிலும் சொல்லத்தக்க கதை உண்டு. 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் ஆடுகள் மடிந்தன. மாட்டு வெக்கை நோயின் நச்சுயிரியும் ஆட்டுக்கொல்லியின் நச்சுயிரியும் நெருங்கிய உறவினர். ஆட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றம் தரும். ஆய்வகத்தில் பிரித்தறிந்த பின்னரே, 1942 முதல் ஆப்பிரிக்காவில் அறியப்பட்டிருந்த ஆட்டுக்கொல்லி இந்தியாவிலும் இருப்பது முதன்முறையாக உறுதியாயிற்று. நாடெங்கும் வெக்கையை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த வேளையில், ஆட்டில் காண்பது வெக்கையா வேறொன்றா என்று தெரியாவிட்டால் ஒழிப்புக் கணக்கே தவறிப்போகும். வெக்கை ஒழிந்தது, 2011இல் உலகம் முழுவதும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அரசூர் ஆட்டிலிருந்து பிரித்த நச்சுயிரியைக் கொண்டே ஆட்டுக்கொல்லிக்கு ஒரு தடுப்பூசியும் உருவாயிற்று. இவனோவ்ஸ்கியின் வடிகட்டியை நெட்டுருப் போடும் நம் மாணவனுக்கு அரசூர் என்ற பெயர் தெரியாது.

மன்னவனூர் போன்ற குளிரூரில் கடிபூச்சி நோய்க்கு என்ன அச்சம் என்று கேட்கலாம். குளிர் கூடினால் பூச்சியின் உடலில் நச்சுயிரி பெருகுவது மந்தமாகும் என்பது உண்மையே. ஆனால் 2006இல் நெதர்லாந்து, பெல்சியம், செருமனி ஆகிய குளிர்நாடுகளில் நீலநாக்கு புகுந்து பரவியது. அங்கேயே இருந்த உள்ளூர்ப் பூச்சிகளே அதனைச் சுமந்தன.

தடுப்பூசிக்கு வருவோம். ‘தடுப்பூசி உண்டு’ என்று கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. ஆட்டுக்கொல்லிக்கு ஒருமுறை போட்ட ஊசி சில ஆண்டுகள் காக்கும்; நீலநாக்கை அது தடுக்காது. நீலநாக்கு நச்சுயிரியில் 24க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிரான ஆற்றல் மற்றொன்றை முழுமையாகத் தடுப்பதில்லை. இந்தியாவில் உருவாக்கிய ஊசியில் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகள் சேர்க்கப்பட்டுள்ளன. அதையும் மழை தொடங்குமுன் போட்டிருக்க வேண்டும். ஆடு நொண்டத் தொடங்கிய பிறகு அன்று.