மாமன் சீரும் ஷாட்கட்டும்

ஆனி மாதம் அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தோம். மொய் நோட்டைக் கூட்டி முடிப்பதற்குள் வீட்டிலிருந்த 5 போன்களிலிருந்தும் 63 வீடியோத் துண்டுகள் என் பென்டிரைவில் வந்து விழுந்திருந்தன. "வீடியோக்காரர் குடுக்க மூணு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள நீ ஒன்னு போட்டுக் குடு தம்பி. அப்பத்தா தெனமும் கேக்குது" என்றாள் அக்கா. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, மண்டபத்துக்கு வரவில்லை. தாய்மாமன் சீர் செய்தால் மட்டும் போதாது, இந்தக் காலத்தில் அதை எடிட்டும் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எடிட் என்கிறேனே தவிர, எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது எப்போதும் 'மிக்சிங்'தான். மணமக்கள் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வருவதும், தாலி கட்டும் நேரத்தில் திரை நான்காய்ப் பிரிந்து சுழல்வதும் அந்த மிக்சிங்கின் கைவண்ணம். எடியஸ் மாதிரியான மென்பொருள்களில் அதைச் செய்வார்கள். எனக்கு வேண்டியது பூவும் சுழற்சியும் அல்ல. ஆடுகிற இடத்தை வெட்ட வேண்டும், காற்றுச் சத்தத்தைக் குறைக்க வேண்டும், வரிசையாக ஒட்டி டிவியில் ஓட வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது எட்டு வயதான லேப்டாப். ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. முதலில் மனதில் வந்தது பழைய விண்டோஸ் மூவி மேக்கர். 2000-இல் வந்த அந்த எளிய சாதனத்தை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் இணையத்தில் கிடைப்பதை இறக்க வேண்டாம். அதே பெயரில் போலி ஒன்றைப் பரப்பிக் காசு கேட்ட கூட்டம் அந்த ஆண்டே கிளம்பிவிட்டது. மூவி மேக்கரின் வாரிசு கிளிப்சாம்ப். ஆஸ்திரேலியாவில் பிறந்த இதை 2021-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி விண்டோஸ் 11-இல் சேர்த்தது. புதிதாகக் கற்பவருக்கு மிக இணக்கமானது. 1080பி வரை இலவசம், 4கே வேண்டுமென்றால் காசு. கணக்குத் திறந்து உள்ளே போக வேண்டும். புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம், தப்பில்லை. சினிமாக்காரர்கள் வண்ணம் கூட்டும் டாவின்சி ரிசால்வும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதற்கு 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். என் லேப்டாப்பில் அதைப் போடுவது டிவிஎஸ் 50-இல் திராட்சைப் பெட்டி நாற்பதை ஏற்றுவது மாதிரி.

கடைசியில் நான் நின்ற இடம் ஷாட்கட். திறந்த மூல மென்பொருள். காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம், படத்தின் மூலையில் தன் பெயரை முத்திரையாகக் குத்தாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

"போன்லயே பண்ணலாமே மாமா?" என்றான் அக்கா மகன். பண்ணலாம். ஒரு நிமிடம் ஓடுகிற ரீலுக்குப் போன் போதும். 63 துண்டு, கூடவே ஒரு பழைய டிவிடி, கடைசியில் ஒரு மணி நேரத்தை நெருங்கும் படம் என்றால் விரலால் தேய்த்து ஆகாது மருமகனே.

டிவிடி எதற்கென்றால், அக்காவின் கல்யாணத்தையும் முன்னால் கொஞ்சம் வைக்க வேண்டும் என்பது மச்சானின் ஆசை. டிவிடிக்குள் 'வீடியோ டிஎஸ்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'விஓபி' என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. வட்டு கீறிப் போவதற்குள் அவற்றை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துவிடுங்கள். 0 என்று முடிவது பெரும்பாலும் மெனு. 1, 2, 3 என்று வருபவைதான் படம். ஷாட்கட் அவற்றை நேராகத் திறந்துவிட்டது, தனியாக மாற்றித் தொலைக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் என் முதல் தவறு. புது புராஜெக்ட் திறக்கும்போது 'வீடியோ மோட்' என்று கேட்கும். 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டுவிட்டேன். ஆட்டோமேட்டிக் என்றால், முதலில் நீங்கள் போடும் துண்டு எந்த அளவோ அதுவே முழுப் படத்துக்கும் அளவு. நான் முதலில் போட்டது டிவிடித் துண்டு, 720க்கு 576. பின்னால் வந்த போன் வீடியோ எல்லாம் அந்தச் சின்னச் சட்டைக்குள் நுழைந்து மங்கலாகிவிட்டது. இரண்டு மணி நேரம் ஒட்டியதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். நீங்கள் தொடக்கத்திலேயே 1080பி, 25 அல்லது 30 ஃபிரேம் என்று உங்கள் கையால் தேர்ந்துகொள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த போன் வீடியோவுக்கு இரண்டு பக்கமும் கறுப்பு விழும். அந்த இடத்தை மங்கிய படத்தால் நிரப்ப ஒரு ஃபில்டர் உண்டு. செய்திச் சேனல்களில் பார்த்திருப்பீர்கள். எனக்குக் கறுப்பே பரவாயில்லை.

போன் வீடியோவைத் திறந்ததும் ஷாட்கட் ஒரு கேள்வி கேட்கும்: இதன் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லை, மாற்றித் தரட்டுமா? பலர் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டு, அப்புறம் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் ஓடுகிறது என்று புலம்புவார்கள். போன் கேமரா மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெயிலுக்கு வந்தால் ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கேள்வி. 'சரி' சொல்லுங்கள். தரத்தில் மூன்று படி காட்டும். முதல் படியே வீட்டு வீடியோவுக்குப் போதும். மேல் படிகள் ஹார்ட் டிஸ்க்கைத் தின்றுவிடும்.

லேப்டாப் திணறினால் செட்டிங்ஸில் 'பிராக்ஸி' என்பதைப் போடுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்ன அளவில் ஒரு டூப்பைத் தயாரித்து, வெட்டுகிற வேலையை அதில் நடத்திக்கொள்ளும். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது அசலையே எடுத்துக்கொள்ளும். இது இல்லாமல் என் லேப்டாப் நாதஸ்வரத்தைக்கூட விக்கி விக்கித்தான் வாசித்தது.

வெட்டுவதற்குத் தேவை நான்கு விசை. ஸ்பேஸ் தட்டினால் ஓடும், நிற்கும். எஸ் தட்டினால் கோடு நிற்கிற இடத்தில் துண்டு இரண்டாகும். எக்ஸ் தட்டினால் தேர்ந்த துண்டு போய், பின்னால் இருப்பது நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல் இசட் கடைசியாகச் செய்ததை இல்லாமல் ஆக்கும். என் மருமகன் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றிவிட்டால் அதுவே கரைந்து மாறும் காட்சியாகிவிடும். தனியாக எதையும் தேட வேண்டாம்.

ஃபில்டர்தான் புதியவரை அழ வைக்கும் இடம். எந்தத் துண்டைத் தேர்ந்திருக்கிறீர்களோ அதன் மேல்தான் ஃபில்டர் ஏறும். பிளேலிஸ்டில் இருக்கும் துண்டைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கூட்டினால், கீழே டைம்லைனில் ஏற்கெனவே வைத்த துண்டில் எதுவும் நடக்காது. அரை நாள் இதில் போனது. எல்லாத் துண்டுக்கும் சேர்த்துப் போட வேண்டுமானால் இடது பக்கம் டிராக்கின் தலையைத் தொட்டுவிட்டுப் போட வேண்டும். தோற்றத்திலும் ஷாட்கட்டுக்கு அழகு மதிப்பெண் கிடையாது. எதையாவது இழுத்து ஏதாவது கட்டம் காணாமல் போனால் 'வியூ' மெனுவில் பழைய அமைப்பை மீட்கும் வரி இருக்கிறது. எனக்கு அது மூன்று முறை தேவைப்பட்டது.

இனி காற்று. எங்கள் ஊர் கம்பத்தில் ஆனி, ஆடியில் வெளியே நின்று போனில் வீடியோ எடுத்தவர்களுக்குத் தெரியும். மலை இடுக்கில் புகுந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் இத்தனை காற்றாலை நிற்கிறது. கம்பராயப் பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து சீர் கிளம்பியபோது எடுத்த துண்டு எல்லாவற்றிலும் தார்ப்பாய் படபடப்பது போல ஒரே இரைச்சல். 'ஹை பாஸ்' என்ற ஆடியோ ஃபில்டரைப் போட்டு, எல்லையை 150 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தேன். அதற்குக் கீழே உள்ள கனத்த சத்தம் வடிந்துவிடும். நாதஸ்வரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆள் பேச்சும் தெளிந்தது. ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்து, வலந்தலை மட்டும் தனியே கேட்டது. 100-க்கு இறக்கினேன், கொஞ்சம் காற்றும் இருந்தது, தவிலும் திரும்பி வந்தது. கம்பத்துச் சடங்கில் கொஞ்சம் காற்று இருந்தால்தான் என்ன?

மச்சானுக்குச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டு இளையராஜா பாட்டு போட வேண்டும் என்று ஆசை. பண்ணைப்புரம் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள், அந்த ஆசையில் குற்றமில்லை. வீட்டு டிவியோடு நின்றால் சரி, யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும் என்று சொல்லிப் பார்த்தேன். முக்கியமான காரணத்தைச் சொல்லவில்லை: அத்தை போட்ட குலவையைவிட அந்த இடத்துக்கு வேறு பாட்டு தேவையில்லை.

தமிழ் எழுத்து நன்றாகவே வருகிறது. 'டெக்ஸ்ட் சிம்பிள்' ஃபில்டரில் யூனிகோடில் நேராகத் தட்டலாம். கொம்பும் காலும் பிரிந்து ஓடவில்லை. விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துரு போதும். பத்திரிகை அடித்த கடையிலிருந்து பெயர்களை நகலெடுத்து ஒட்டினால் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அவர்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில் இருக்கிறார்கள்.

நடுவில் ஒரு நாள் வீடியோக்களை எல்லாம் 'சடங்கு' என்று புது ஃபோல்டரில் நேர்த்தியாக அடுக்கினேன். மறுநாள் புராஜெக்டைத் திறந்தால் 63 துண்டும் காணோம் என்கிறது. ஷாட்கட் சேமிக்கும் கோப்புக்குள் வீடியோ கிடையாது. எந்த வீடியோ எங்கே இருக்கிறது, எங்கே வெட்டியது என்ற குறிப்பு மட்டும்தான். சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு அரிசி மூட்டையை இடம் மாற்றியது நான். காணாத கோப்புகளின் பட்டியலைக் காட்டி, புது இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது, பிழைத்தேன். முதலிலேயே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டு அதன்பின் தொடாதீர்கள்.

வெளியே எடுக்கும்போது எச்.264 எம்பி4-ஐ விட்டு வேறெங்கும் போக வேண்டாம். பழைய டிவியும் அதைப் படிக்கும். பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

முதல் படம் 14 நிமிடம். எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு துண்டு அஞ்சு வினாடிக்கு மேல் நிற்கவில்லை, சீர் வரிசை ஒன்றரை நிமிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அப்பத்தா வீட்டு டிவியில் போட்டேன். முடிந்ததும் அப்பத்தா கண்ணாடியைக் கழற்றியது. "ஏன்டா, கூடலூர்க்காரக வரலையா?"

"வந்தாக அப்பத்தா."

"அப்பறம் எங்க? கோம்பைக்காரகளையும் காணோம். சாப்பாட்டுப் பந்தில யார் யாரு இருந்தான்னே தெரியல. இம்புட்டு வெரசாவா ஒரு விசேஷம் முடியும்?"

சினிமாவுக்கு எது நீளமோ, வீட்டு வீடியோவுக்கு அதுதான் சரக்கு. பந்தி முழுக்க மெதுவாகக் கேமரா நகர்கிற அந்த நான்கு நிமிடத்தைத்தான் நான் முதலில் தூக்கியிருந்தேன். ஷாட்கட்டில் ஒரு நன்மை, வெட்டியது எதுவும் அழிவதில்லை. அசல் வீடியோ தொடாமல் கிடக்கும். அடுத்த இரண்டு இரவில் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுவந்தேன். கால் தரையைப் படம் பிடித்தது, யாரோ விரலால் லென்ஸை மூடியது, ஒரே காட்சி மூன்று போனில் வந்தது, இவை மட்டும் வெளியே. இப்போது 52 நிமிடம். என் லேப்டாப் அதை வெளியே எடுக்க இரவு முழுக்க முனகியது.

இந்த முறை அப்பத்தா ரிமோட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டது. சீர் வரும் இடத்தில் நிறுத்தியது, ஓட்டியது, விரலை மடக்கியது, மறுபடி பின்னால் போனது.

"எத்தனை தட்டு தூக்குனீக?"

"51."

"இதுல 50தான் வருது."

ஒற்றைப்படை பிசகினால் ஊர் என்ன பேசும் என்பது அதன் கவலை. லேப்டாப்பை எடுத்து அங்கேயே திண்ணையில் திறந்தேன். இரண்டு போன் வீடியோவை ஒட்டிய இடத்தில் ஒரு வினாடி கூடுதலாக வெட்டியிருக்கிறேன். துண்டின் ஓரத்தை மவுசால் பிடித்து இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தேன். பன்னீர் திராட்சைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சுருளிப்பட்டிச் சித்தி உள்ளே வந்தார்.