போய்த் திரும்பிய பங்கு

பிரிக்பீல்ட்ஸில் பிறந்து 2024 நவம்பரில் மறைந்த மலேசியத் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனின் வணிக வாழ்வில் ஒரு வழக்கம் திரும்பத் திரும்பத் தென்படும். நிறுவனத்தைப் பங்குச் சந்தையில் பட்டியலிடுவார். சில ஆண்டுகளில் பொதுமக்களின் பங்குகளை வாங்கிக்கொண்டு அதை வெளியே எடுப்பார். பிறகு மீண்டும் பட்டியலிடுவார். கைபேசி நிறுவனமான மெக்சிஸ், தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோ, கடல்சார் எண்ணெய்ச் சேவை நிறுவனமான பூமி அர்மடா மூன்றும் சந்தையை விட்டுப் போய்த் திரும்பியவையே.

மெக்சிஸ் 2002-இல் சந்தைக்கு வந்தது. 2007-இல் பங்குக்கு 15.60 ரிங்கிட் தந்து அதை வெளியே எடுத்தார்கள். 2009 நவம்பரில் திரும்பியபோது 1,120 கோடி ரிங்கிட் திரண்டது. தென்கிழக்காசியா அதுவரை கண்டிராத பெரிய பங்கு வெளியீடு அது.

இதில் நன்மை இல்லாமலில்லை. 2007-இல் விற்றவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. இந்தியாவில் மெக்சிஸ் வாங்கியிருந்த ஏர்செல் கைபேசி நிறுவனத்தை வளர்க்கப் பெரும் முதலீடு தேவைப்பட்டது. காலாண்டுதோறும் சந்தைக்குக் கணக்குக் காட்டிக்கொண்டு அந்தச் சூதாட்டத்தில் இறங்குவது கடினம்.

குறை எங்கே? 2007-இல் இந்தியா, இந்தோனேசியா உட்பட மொத்த நிறுவனத்துக்கும் போட்ட மதிப்பு ஏறத்தாழ 4,000 கோடி ரிங்கிட். 2009-இல் மலேசியத் தொழில் மட்டுமே பட்டியலுக்கு வந்தது. 5 ரிங்கிட் வீதம் 750 கோடிப் பங்குகளின் மதிப்பு 3,750 கோடி. வளரும் பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வளர்ந்து முடிந்த பகுதியைக் கிட்டத்தட்ட பழைய விலைக்கே உரிமையாளர் விற்றிருக்கிறார். அந்த வளரும் பகுதியான ஏர்செல் 2018-இல் திவாலானது வேறு கதை. அந்த நட்டத்திலிருந்து சிறு பங்குதாரர் தப்பியது தற்செயல். அதை இந்த வழக்கத்தின் நியாயமாகக் கொள்ள முடியாது.

ஒருவர் 2009-இல் சுமார் 5,000 ரிங்கிட்டுக்கு ஆயிரம் மெக்சிஸ் பங்குகள் வாங்கியிருந்தால், முதல் சில ஆண்டுகள் ஆண்டுக்கு 400 ரிங்கிட் ஈவு கிடைத்திருக்கும். நிறுவனம் தன் லாபத்தை மிஞ்சிக் கொடுத்த ஈவு அது. நீடிக்கவில்லை, 2015-இல் பாதியானது. 2024 இறுதியில் பங்கு 4 ரிங்கிட்டுக்குக் கீழே. ஈவையும் சேர்த்தால் நட்டமில்லை. ஆனால் அதே காலத்தில் ஊழியர் சேமநிதி வாரியம் எந்த ஆண்டிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஈவு தந்தது. பங்கின் வருவாய் அதை எட்டவில்லை. 2012-இல் 3 ரிங்கிட்டுக்குத் திரும்பிய ஆஸ்ட்ரோவின் நிலை இன்னும் மோசம்: 2024 இறுதியில் 30 சென்னுக்கும் கீழே.

இந்த வழக்கம் சட்டப்படி சரி, சமமானதல்ல. போகும் நேரம், வரும் நேரம், எதைக் கொண்டுவருவது என்ற மூன்றையும் உரிமையாளரே முடிவு செய்கிறார். ஆகவே திரும்பி வரும் பங்கை வாங்குமுன், முன்பிருந்ததில் எது இப்போது இல்லை, ஈவு லாபத்திலிருந்து வருகிறதா கடனிலிருந்தா என்ற இரண்டையும் வெளியீட்டு அறிக்கையில் தேடிப் படியுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.