பினியனின் மூக்கு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் பிக்கப் வண்டிகளை நாம் எப்போதும் நின்ற வாக்கில்தான் பார்க்கிறோம். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணிப் பேல்கள், பால்கோவாவுக்குப் போகும் பால் கேன்கள், மலையடிவாரத்து மாங்காய் மூட்டைகள், கண்ணாடிக்கு மேலே குலசாமியின் பெயர். பாரம் இல்லாதபோது பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்பது அவற்றின் பிறவிக் குணம். எப்போதாவது ஒன்று வரும்: காலியாக இருந்தும் பின்புறம் இரண்டு அங்குலம் தணிந்து, தளம் சாலைக்குச் சமமாக, சட்டத்தில் சிறு நடுக்கம்கூட இல்லாமல். அப்படி ஒன்று டீக்கடை வாசலில் நின்றால், என்னோடு கொஞ்சம் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது ஸ்பிரிங் பட்டைகள். நீண்டது மேலே, அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக, மெல்லிய வளைவோடு அடுக்கிய எஃகு. நம் ஊர் வில்வண்டியைத் தாங்கியதும் இதே வளைவுதான். மாடு போய் டீசல் வந்தும் அந்த வில் மாறவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வண்டியைத் தணிக்க வேண்டுமென்றால் பட்டையின் வளைவை அளவாகத் தளர்த்தலாம். பின்முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிளை மாற்றலாம். யு போல்ட்டுகளைப் பிரித்து, அச்சுக்கு மேலே உள்ள பட்டையை அதன் அடியில் மாற்றியும் கட்டலாம். அடுக்கிலிருந்து இரண்டு பட்டைகளை உருவி எறிந்துவிட்டு ‘தணித்துவிட்டேன்’ என்பவர்களும் உண்டு. அதை என்னால் வேலை என்று ஒப்ப முடிவதில்லை. தாங்கும் வலுவை எடுத்துவிட்டால் எதுவும் தணியத்தான் செய்யும்.

இப்போது பட்டைகளை விட்டு நடுவே வாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கிறது, நான் இந்த வண்டியிலேயே மிகவும் நேசிக்கும் பொருள்: கிராஸ். உள்ளங்கையில் அடங்கும் எஃகுச் சிலுவை. நான்கு முனைகளிலும் நான்கு கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் கிரீஸில் மிதக்கும் ஊசி பேரிங்குகள். இத்தாலியரான கார்டானோவின் பெயரையும், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரையும் தாங்கி வரும் இணைப்பு இது. அச்சு மேலும் கீழும் ஆடினாலும் சுழற்சி அறுபடாமல் போக இதுதான் வழிவிடுகிறது.

ஆனால் இந்தச் சிலுவைக்கு ஓர் இயல்பு உண்டு. கோணத்தில் சுழலும்போது, சீராக வாங்கிய சுழற்சியை அது சீராகக் கொடுப்பதில்லை. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை சற்றே முந்துகிறது, இரண்டு முறை சற்றே பிந்துகிறது. 3 டிகிரியில் இந்த ஏற்றத்தாழ்வு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. கோணம் இரட்டித்து 6 டிகிரி ஆனால் அது நான்கு மடங்காகி, ஆயிரத்தில் ஐந்தரைப் பங்கு ஆகிறது. சிறிய எண்கள்தான். ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகிறது, பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களின் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 32 முறைக்கு மேல் சுழலும். சுற்றுக்கு இரண்டு வீதம் நொடிக்கு 65 துடிப்புகள். இருக்கையின் அடியில் எழும் அந்த ‘உம்’ என்ற அதிர்வு, ஸ்டியரிங்கைப் பிடித்த கையின் களைப்பு, எல்லாம் இங்கிருந்து வருபவை.

இதற்குக் கண்ட தீர்வின் நளினத்தை எத்தனை முறை நினைத்தாலும் சலிப்பதில்லை. ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு சிலுவையை வைத்தார்கள். முதல் சிலுவை முந்தும் கணத்தில் இரண்டாவது பிந்துகிறது; அது பிந்தும்போது இது முந்துகிறது. இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்து, ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் சிலுவையைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் நின்றால், ஒன்றின் குறையை மற்றொன்று முழுதாக நேர்செய்துவிடுகிறது. கியர்பாக்ஸ் கொடுத்த சீரான சுழற்சி பினியனுக்குச் சீராகவே போய்ச் சேருகிறது. நடுவிலிருக்கும் ஷாஃப்ட் மட்டும் அந்த ஏற்றத்தாழ்வைத் தன்னுள் வைத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் இரு கோணங்களும் சமமாக இருந்தால் மட்டும் போதாது, சிறியதாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். 3 டிகிரிக்குள் இருப்பது உத்தமம். அதற்காக அடியோடு நேராக்கிவிடவும் கூடாது. கோணமே இல்லையென்றால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் பறித்துவிடும். அரை டிகிரியாவது வேண்டும்.

வண்டியைத் தணிக்கும்போது குலைவது இந்த ஒப்பந்தம்தான். ஷேக்கிளை மாற்றியதில் பட்டையின் பின்முனை சட்டத்தை நோக்கி ஏறுகிறது. பட்டையோடு கட்டிய அச்சும் முன்பக்கமாகச் சாய்கிறது. அச்சிலிருந்து முன்னோக்கி நீளும் பினியனின் மூக்கு கவிழ்கிறது. முன் கோணமும் பின் கோணமும் இப்போது வேறு வேறு. அதைத் திருத்த நல்ல மெக்கானிக் எடுப்பது ஓர் ஆப்பு. எஃகில் இழைத்த மெல்லிய சாய்வுத் தகடு. பட்டைக்கும் அச்சுக்கும் இடையே செருகி, நடு போல்ட்டை அதன் துளை வழியே இறக்கி, யு போல்ட்டுகளால் இறுக்குகிறார்கள். 2 டிகிரி ஆப்பு என்றால் 10 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்றரை மில்லிமீட்டர் தடிப்பு வேறுபாடு, அவ்வளவே. மூக்கை நிமிர்த்த வேண்டுமென்றால், பட்டை அச்சுக்கு மேலே உள்ள வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் போக வேண்டும். பட்டை கீழே உள்ள வண்டியில் முன்னால். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் சக்கரத்தடியில் கட்டை போடுபவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் இழுக்கும் மலை போன்ற தேரை, சரியான கணத்தில் சரியான சாய்வில் வைத்த ஒரு மரத்துண்டு திருப்பிவிடும். அந்தக் கையின் ஞானத்தை இந்தத் தகட்டிலும் காண்கிறேன்.

இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. நிற்கும்போது இரு கோணங்களையும் துல்லியமாகச் சமமாக்குவது கெட்டிக்காரத்தனம்; அதைக் கொஞ்சம் குறையாக விடுவதே கலை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முறுக்குவிசை பட்டைகளை நெளிக்க, பினியனின் மூக்கு மேல்நோக்கி எழுகிறது. ராஜபாளையத்துப் பெரியவர் ஒருவர், வண்டிக்கு அடியில் படுத்தபடியே இதைச் சொன்னார்: “மூக்கு லேசா குனிஞ்சே நிக்கட்டும் அண்ணாச்சி. ஓடும்போது அதுவா நிமிந்துக்கும்.” ஒன்று, மிஞ்சினால் இரண்டு டிகிரி. நிற்கும்போது பிசகாகத் தெரிவது ஓட்டத்தில் சரியாகிவிடுகிறது. ஓடும் வண்டியை மனத்தில் வைத்து நிற்கும் வண்டியைச் செதுக்கும் அந்தக் கற்பனையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

இந்தக் கோணங்களை அளக்கும் முறையிலும் அதே நுட்பம். ஜாக்கியில் அச்சைத் தொங்கவிட்டு அளப்பதில்லை. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வழக்கமாக ஏற்றும் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றியபின், கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்ட், பினியன் முனை என மூன்று இடத்தில் கோணமானியை வைக்கிறார்கள். ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் கவைகளில் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி தட்டி வைக்கிறார்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் இரண்டு சிலுவைகளும் ஒன்றையொன்று நேர்செய்வதை மறந்துவிடும். பட்டை முழுதும் நிமிரும்போது, ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் ஸ்லைடிங் முனை உள்ளே போய் முட்டாமல் இடம் இருக்கிறதா என்றும் கையால் தள்ளிப் பார்க்கிறார்கள்.

எவ்வளவு தணிக்கலாம்? அச்சுக்கும் சட்டத்தின் ரப்பர் முட்டுக்கும் இடையே பாரத்தோடு ஏறி இறங்க இடம் வேண்டுமே. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குவதே முறை.

கடைசியாக அச்சருகே ஒரு சின்னக் கம்பியைப் பாருங்கள். பல பிக்கப்களில் அது பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு சேர்ந்திருக்கும். அச்சு சட்டத்தை நெருங்கினால் பாரம் ஏறிவிட்டது என்று அந்த வால்வு புரிந்துகொள்ளும். தணித்த வண்டியோ காலியாக இருக்கும்போதே நெருங்கி நிற்கிறது; அப்படியே விட்டால் மழைநாளில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். தேர்ந்த மெக்கானிக் புதிய உயரத்துக்கு ஏற்ப அந்தக் கம்பியையும் திருத்தி, நட்டை இறுக்கி, வெற்று வண்டியில் ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை பிரேக்கைச் சோதித்த பிறகே சாவியைக் கையில் கொடுக்கிறார்.