விதியை உரசிப் பார்க்கிறவர்

‘ஆயிரம் குற்றவாளிகள் தப்பித்தாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது.’ தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். கறுப்பு அங்கி அணிந்த வக்கீல் கூண்டைப் பார்த்துக் கை நீட்டி இதைச் சொன்னதும் கோர்ட்டே அடங்கிப் போகும். நாமும் தலையாட்டுவோம். ஆயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, ஏன் ஐந்நூறு இல்லை, ஏன் இரண்டாயிரம் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் யூஜீன் வோலோக்கின் தம்பி அலெக்ஸாண்டர் வோலோக் கேட்டார். 1997-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே எண் கிடையாது. எண் வர வேண்டிய இடத்தில், அல்ஜீப்ரா புத்தகத்தில் வருவதுபோல, ‘என்’ என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. அந்த ஒற்றை எழுத்தின் மதிப்பைத் தேடி அவர் பல நூற்றாண்டுகள் பின்னால் போகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் சொன்னது பத்து. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் நீதிபதி ஹேல் சொன்னது ஐந்து. பதினைந்தாம் நூற்றாண்டில் ஃபோர்டெஸ்க்யூவுக்கு இருபது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-ல் நூறு என்று எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஆயிரம் என்றார். நம் சினிமா வக்கீல்களின் கணக்கும் மைமோனிடிஸின் கணக்கும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எண்களைத் தொகுப்பது கடினமான வேலை இல்லை. பொறுமை இருந்தால் போதும். கட்டுரையை அவர் முடிக்கிற விதம்தான் நயம். ஒரு சீனச் சட்டப் பேராசிரியரைப் பற்றிய கதை அது. இங்கிலாந்து வழக்கறிஞர் ஒருவர் அவரிடம் தங்கள் சட்டத்தின் பெருமையை விளக்குகிறார். ஒரு நிரபராதி தண்டனை பெறுவதைவிடக் குற்றவாளிகள் பலர் தப்பிப்பதே நல்லது என்கிறார். சீனப் பேராசிரியர் சற்று யோசித்துவிட்டு, ‘யாருக்கு நல்லது?’ என்று கேட்கிறார். அவ்வளவுதான், கட்டுரை முடிந்துவிடுகிறது. இத்தனை நேரம் எண்ணைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த வாசகர், தப்பித்த பத்துப் பேரின் கையில் அடுத்து அகப்படப் போகிறவரைப் பற்றி முதல்முறையாக யோசிக்கிறார். அதற்கு மேல் ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தாலும் கெட்டுப் போயிருக்கும். எழுதவில்லை.

இது தம்பியின் கட்டுரை. நான் சொல்ல வந்தது அண்ணனைப் பற்றி. யூஜீன் வோலோக் பிறந்தது 1968-ல், அன்றைய சோவியத் உக்ரைனின் கீவ் நகரில். ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பதினைந்து வயதில் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதமும் கணினியியலும் படித்துப் பட்டம் வாங்கிவிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் 1992-ல் சட்டப் பட்டம். பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரிடம் உதவியாளர் பணி. 1994 முதல் படித்த இடத்திலேயே பேராசிரியர். 2024-ல் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிறுவனத்துக்குப் போனார். இந்த விவரங்களில் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அவர் முதலில் புரோகிராம் எழுதியவர், பிறகுதான் சட்டம் எழுத வந்தார். அந்தப் பழக்கம் அவருடைய பக்கங்களை விட்டுப் போகவே இல்லை.

சட்ட மாணவர்களுக்காக அவர் எழுதிய ஆய்வெழுத்துக் கையேடு 2003-ல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, மென்பொருள் உலகத்திலிருந்து அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம். புரோகிராம் எழுதுகிறவர் அதை வெளியே விடுவதற்கு முன் பலவகை உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார். ஒழுங்கானது, கோணலானது, யாரும் எதிர்பார்க்காதது என்று எல்லாம் அதில் இருக்கும். சட்டத்துக்கு நீ ஒரு விதியைப் பரிந்துரைக்கிறாயா, அதையும் அப்படி ஓட்டிப் பார் என்கிறார் வோலோக். உனக்குப் பிடித்த தரப்பு ஜெயிக்கும் வழக்குகளை மட்டும் எடுக்காதே. உனக்குப் பிடிக்காதவருக்கு அதே விதி கை கொடுக்கிற வழக்கையும் பட்டியலில் சேர்.

எளிய புத்திமதி மாதிரித்தான் தெரியும். ஒரு விதியை எடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். ‘மக்களின் வரிப்பணம் மத காரியத்துக்குப் போகக் கூடாது’ என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் சரி என்றே தோன்றும். தேவாலயம் தீப்பிடித்து எரிகிறது. தீயணைப்பு வண்டி ஓடுவது வரிப்பணத்தில். அனுப்பலாமா? அனுப்பாமல் எப்படி! அரசு ஊழியர் தன் சம்பளத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகப் போடுகிறார். தடுக்க முடியுமா? முடியாது, அது அவர் பணம். சரி, பார்வை இழந்தவர்களின் தொழிற்கல்விக்கு மாநிலம் உதவித்தொகை தருகிறது. ஒருவர் அதை வைத்துப் போதகர் ஆவதற்குப் படிக்க விரும்புகிறார். இங்கேதான் நாக்கு தடுமாறும். இது கற்பனை வழக்கு இல்லை. வாஷிங்டன் மாநிலத்து விட்டர்ஸ் என்பவரின் வழக்கு, 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தது அரசு இல்லை, அந்த மாணவர்தான். ஆகவே மதத்தை அரசு ஆதரிக்கக் கூடாது என்ற அரசியல் சட்டக் கட்டுப்பாட்டை இந்த உதவி மீறவில்லை என்றது நீதிமன்றம். மூன்று உதாரணத்தில் நம் விதி உருமாறிவிட்டது. வரிப்பணமா என்று கேட்கத் தொடங்கியவர்கள், முடிவெடுத்தது யார் என்று கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டோம்.

சமயச் சுதந்திரம் பற்றிய வழக்குகளில் இப்படிப்பட்ட நுணுக்கங்களுக்குக் குறைவே இல்லை. எடி தாமஸ் என்ற தொழிலாளியின் வழக்கு ஒன்று போதும். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர் அவர். இந்தியானாவில் ஓர் உருக்காலையில் எஃகுத் தகடு செய்யும் பிரிவில் வேலை. அந்தப் பிரிவை மூடிவிட்டு, ராணுவ டாங்கிகளுக்குச் சுழல் மேடை செய்யும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். போர்க்கருவி செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்று வேலையை விட்டார். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை: எஃகுத் தகடும் கடைசியில் போர்க்கருவியாக ஆகலாமே, அதை மட்டும் எப்படிச் செய்தாய்? அதே ஆலையில் அதே சபையைச் சேர்ந்த இன்னொருவர், இந்த வேலையில் தப்பில்லை என்று சொல்லியிருந்தார். 1981-ல் உச்ச நீதிமன்றம் தாமஸின் பக்கம் நின்றது. தாமஸ் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். அந்தக் கோடு தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா என்று அளப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை. வேதத்துக்குப் பொருள் சொல்லும் தகுதி நீதிபதிக்குக் கிடையாது. சமயச் சுதந்திரம் பற்றிய நூறு பிரசங்கத்தைவிட, தகட்டுக்கும் சுழல் மேடைக்கும் நடுவே ஒரு தொழிலாளி கிழித்த இந்தக் கோடு எனக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கிறது.

ஆனால் ஒவ்வொருவரும் கிழிக்கிற கோட்டுக்கும் சட்டம் வளைந்து கொடுக்க முடியுமா? 1990-ல் ஓரிகன் மாநில வழக்கில், பூர்வகுடித் திருச்சபைச் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளிச்செடியை உட்கொண்டதற்காக வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையை மறுக்கலாம் என்றது அதே உச்ச நீதிமன்றம். எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்பது அதன் வாதம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1993-ல் தனிச்சட்டம் போட்டு விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. மாநிலங்களை அது கட்டுப்படுத்தாது என்று 1997-ல் இன்னொரு தீர்ப்பு வர, மாநிலங்கள் சில தாமே சட்டம் இயற்றத் தொடங்கின.

இந்த இழுபறியின் நடுவில்தான் 1999-ல் வோலோக்கின் கட்டுரை வருகிறது. விலக்கு வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கடைசிச் சொல் யாருடையது என்று அவர் கேட்டார். ஒப்பந்தம், இழப்பீடு போன்ற துறைகளில் சட்டம் எப்படி வளர்ந்தது? நீதிபதி முதலில் ஒரு வழக்கில் ஒரு விதியைச் சொல்வார். அது சமூகத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் சட்டமன்றம் பின்னால் வந்து மாற்றும். மத விலக்கையும் அந்த வழியில் விடலாம் என்றார். முதலில் நீதிபதி கதவைத் திறக்கட்டும். அதனால் அடுத்தவருக்குத் தீங்கு வருகிறது என்று மக்கள் பிரதிநிதிகள் கருதினால் மூடட்டும். சிறுபான்மைச் சமயத்தவரின் குரல் சட்டமன்றத்தில் எடுபடாமல் போகலாம். நீதிமன்றத்தில் ஒற்றை ஆளாக வந்தாலும் கேட்டாக வேண்டும். எது தீங்கு என்று தீர்மானிப்பதோ அறம் சார்ந்த சர்ச்சை. அதை ஒன்பது நீதிபதிகளிடம் நிரந்தரமாக ஒப்படைத்துவிடவும் முடியாது. இரண்டு கவலைகளையும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடக்கிய அழகு இருக்கிறதே, அதை நான் பலமுறை திரும்பிப் போய் வாசித்திருக்கிறேன்.

அவருடைய கட்டுரைகளில் அதிகம் பேசப்பட்டது, 2003-ல் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் நூறு பக்கத்துக்கு மேல் ஓடிய ஒன்று. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்கிறோமே, அந்த அச்சம் எப்போது நியாயமானது, எப்போது வெறும் பூச்சாண்டி என்று துருவிப் பார்க்கிறது அது. தர்க்கம் படித்தவர்கள் இந்த அச்சத்தைப் போலி வாதம் என்று ஒதுக்குவார்கள். வோலோக் ஒதுக்கவில்லை. தெருவிளக்குக் கம்பத்தில் போலீஸ் கேமரா வைக்கும் திட்டத்தை உதாரணமாக எடுக்கிறார். குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் மட்டும் பதிவைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். இதில் என்ன ஆபத்து? பதிவை அழிக்காமல் சேர்த்துவைத்து முகம் பார்த்து ஆளைத் தேடுகிற பெரிய திட்டத்தை இன்றைக்குக் கொண்டுவந்தால் தோற்றுவிடும். அந்தரங்கம் போகும் என்று சிலர் எதிர்ப்பார்கள், செலவு அதிகம் என்று வேறு சிலர் எதிர்ப்பார்கள், சேர்ந்தால் பெரும்பான்மை. ஆனால் சின்னத் திட்டத்துக்காகக் கேமராவை வாங்கி மாட்டிவிட்டால் செலவு முடிந்த கதை. செலவைச் சொல்லி எதிர்த்தவர்கள் விலகிவிடுவார்கள், மிச்சமிருப்பவர்கள் சிறுபான்மை. இதில் யாரும் மனசு மாறவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் படி இறங்கியாகிவிட்டது. சதி என்ற சொல்லே இல்லாமல் ஒரு சரிவை இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியும் என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது.

பேச்சுரிமை பற்றிய எழுத்திலும் அதே கைதான். 1993-ல் மேரிலாந்தில் மூன்று பேரைக் கொன்ற கூலிக் கொலையாளி, கொலைக்கு வழி சொல்லும் ஒரு புத்தகத்தைப் பின்பற்றியிருந்தான். பதிப்பகத்தின் மேல் வழக்குத் தொடரலாம் என்று 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. யாருக்கும் அந்தப் பதிப்பகத்தின் மேல் இரக்கம் வராது. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு சட்ட ஆய்விதழில் வந்த கட்டுரையில் வோலோக் அந்த வழக்கோடு நிற்கவில்லை. சாட்சியின் பெயரை வெளியிடும் செய்தித்தாளையும், வெடிபொருள் பற்றி விளக்கும் பாடநூலையும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார். குற்றவாளிக்கு உதவுகிற அதே தகவல் மாணவருக்கும் நிருபருக்கும் நாவலாசிரியருக்கும் உதவுகிறது. வெறுக்கத்தக்க புத்தகத்துக்காக எழுதுகிற விதி இவர்களையும் தொடும்.

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பிறர் நம்மைப் பற்றிய தகவலைச் சொல்வதைத் தடுக்கும் உரிமை, பேச்சுரிமையோடு மோதும் என்று 2000-ல் அவர் வாதிட்டார். நம் தகவலைக் கம்பெனிகள் மூட்டை கட்டி விற்கிற காலத்தில் அந்த வாதம் தனிமனிதரைக் கைவிடுகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் என் பக்கத்தின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கட்டுரையில்தான் தெரிந்துகொண்டேன்.

கையேட்டுக்குத் திரும்புகிறேன். நல்ல ஆய்வுக் கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்க வேண்டும். அது புதிதாக, சட்டென்று யாருக்கும் தோன்றாததாக, பயன்படுவதாக, உறுதியாக இருக்க வேண்டும் என்கிறார். இதுவரை எந்தப் பேராசிரியரும் சொல்லக்கூடியது. அடுத்து, இவை அத்தனையும் இருப்பதை வாசகர் காண வேண்டும் என்று தனியாக ஒரு நிபந்தனை சேர்க்கிறார். உள்ளே சரக்கு இருந்தால் போதாது, அது வெளியே தெரிய வேண்டும். தெரியவைப்பது எழுதுகிறவரின் கடமை. நல்ல விஷயத்தை மோசமாக எழுதிவிட்டு வாசகரைக் குறை சொல்கிற அத்தனை பேருக்கும் இந்த நிபந்தனையைக் காட்டலாம்.

மூலத்தைப் படி என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். தீர்ப்பில் ஒரு மேற்கோள் இருக்கிறதா? அதை அப்படியே எடுக்காதே. நீதிபதியும் தவறாக எடுத்திருக்கலாம். மேற்கோள் பிறந்த இடத்துக்குப் போ.

2023-ல் இந்தப் பிடிவாதத்துக்குப் புதிய வேலை வந்தது. பாலியல் தொல்லைப் புகாருக்கு ஆளான சட்டப் பேராசிரியர்கள் பற்றிச் செய்தித்தாள் மேற்கோளோடு சொல்லும்படி சாட்ஜிபிடியிடம் அவர் கேட்டார். நிஜமான பேராசிரியர் ஒருவரின் பெயர் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் செய்தி என்று மேற்கோளும் வந்தது. தேடிப் பார்த்தால் அப்படி ஒரு செய்தியே இல்லை. இயந்திரம் செய்யும் அவதூறுக்கு யார் பொறுப்பு என்று அவர் அதே ஆண்டு எழுதிய நீண்ட கட்டுரை, பேச்சுரிமைக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் எழுதியது என்பதால் கூடுதல் கனம் பெறுகிறது. ‘இதில் பிழை இருக்கலாம்’ என்று கம்பெனி எழுதிப் போட்டுவிட்டால் தப்பித்துவிட முடியுமா? முடியாது என்கிறார், வதந்தி என்று சொல்லிவிட்டு வதந்தியைப் பரப்புகிறவரை அவதூறுச் சட்டம் விட்டுவிடுவதில்லையே. எல்லாப் பிழைக்கும் கம்பெனியைத் தூக்கில் போடவும் அவர் சொல்லவில்லை. இன்ன வாக்கியம் என்னைப் பற்றிய பொய் என்று பாதிக்கப்பட்டவர் எழுதித் தெரிவித்த பிறகும் அதே வாக்கியம் வந்துகொண்டிருந்தால், அப்போது வழக்குக்கு இடம் உண்டு என்கிறார். புகழ்பெற்றவர்கள் தொடுக்கும் அவதூறு வழக்கில், பொய் என்று தெரிந்தே சொன்னார்களா என்று அமெரிக்கச் சட்டம் கேட்கும். இயந்திரத்துக்கு ‘தெரிந்தே’ என்ற நிலை கிடையாது. புகார்க் கடிதத்தைப் படித்த கம்பெனிக்கு உண்டு.